அந்தமான் நிலநடுக்கமும் 'திரஸ்ட்' என்ற சொல்லும்: தள்ளுதலா, உந்துதலா, திணித்தலா?

ஸ்ரீவிஜயபுரம்: அந்தமான் நிக்கோபார் பகுதி நிலநடுக்கங்கள் குறித்த ஆங்கில அறிக்கைகளில் 'திரஸ்ட்' என்ற சொல் அடிக்கடி இடம்பெறுகிறது. பலத்துடன் தள்ளுதல் என்பது இந்த வினைச்சொல்லின் அடிப்படைப் பொருள். ஆனால் அகராதியில் முதலில் காணப்படும் பொருளை அப்படியே எடுத்தெழுதினால், சுனாமி அபாயத்தை உணர்த்தும் முக்கியக் குறிப்பு செய்தியிலிருந்து நழுவிவிடும்.

இத்தீவுகளுக்கு மேற்கே, இந்தியப் புவித்தட்டு பர்மா குறுந்தட்டின் அடியில் செருகிச் செல்கிறது. மேலுள்ள தட்டின் விளிம்பு அதனுடன் பிணைந்து, சிறிது சிறிதாகக் கீழே இழுபடுகிறது. நெடுங்காலம் சேர்ந்த இறுக்கம் திடீரென விடுபடும்போது அந்த விளிம்பு மேல்நோக்கி உந்தப்படுகிறது. கடலடித் தளம் உயர்வதால் அதன் மேலுள்ள நீரும் உயர்ந்து, பேரலையாகப் பரவுகிறது. நிலவியலில் 'திரஸ்ட்' என்பது இந்த மேலுந்தலையே குறிக்கும்.

2004 டிசம்பர் 26-ஆம் தேதி காலை நேர்ந்ததும் இதுவே. சுமத்ரா முதல் அந்தமான் வரை சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்திற்குப் பிளவு நகர்ந்தது. ரிக்டர் அளவு என்று செய்திகளில் குறிப்பிடப்படும் எண் 9.1. வடக்கு அந்தமானின் மேற்குக் கரையோரம் நிலம் உயர்ந்து, பவளப்பாறைகள் நீருக்கு வெளியே தெரிந்தன. மாறாக, கிரேட் நிக்கோபாரின் தென்கோடியான இந்திரா முனை 4 மீட்டருக்கும் அதிகமாகத் தாழ்ந்தது. அங்குள்ள கலங்கரை விளக்கத்தின் அடிப்பகுதியைக் கடல் சூழ்ந்தது.

2012 ஏப்ரல் 11-இல் சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் நிலநடுக்கம் ஏற்பட்டது. எச்சரிக்கை விடுக்கப்பட்டது; எனினும் பேரலை எழவில்லை. அங்குப் பிளவின் இரு புறங்களும் பக்கவாட்டில் உரசி நகர்ந்தனவே தவிர, கடலடி பெரிதாக உயரவில்லை. இவ்விரண்டையும் 'தட்டுகள் தள்ளப்பட்டன' என்று ஒரே தொடரால் எழுதுவது வாசகருக்கு உதவாது.

பக்கவாட்டு நகர்வு எப்போதும் பாதுகாப்பானது என்றும் கொள்ள இயலாது. 2018-இல் இந்தோனேசியாவின் பாலு நகரை அத்தகைய நிலநடுக்கத்தைத் தொடர்ந்து சுனாமி தாக்கியது. எனவே கரையோர மக்கள் ஐதராபாத்தில் 2007 முதல் இயங்கும் சுனாமி முன்னெச்சரிக்கை மையத்தின் அறிவிப்பைப் பின்பற்ற வேண்டும். நெடுநேரம் கடுமையாக அதிர்ந்தால் அறிவிப்புக்கும் காத்திராமல் மேட்டுப் பகுதிக்குச் செல்வதே தகும்.

பிற இடங்களில் இச்சொல்லின் பொருளைச் சூழலே தீர்மானிக்கிறது. கத்தியைச் செருகுதல், ஒலிவாங்கியை முகத்தருகே நீட்டுதல், ராக்கெட்டின் உந்துவிசை என அது மாறும். 'அப்பான்' என்ற முன்னிடைச்சொல் சேர்ந்தால், விரும்பாத ஒருவர் மீது திணித்தல் என்றாகும்; மொழித் திணிப்பு என்ற சொல்லாட்சியை அறிந்த தமிழ் வாசகருக்கு இது எளிதில் விளங்கும். நிகழ்காலத்திலும் இறந்தகாலத்திலும் வினையின் வடிவம் மாறாததால், காலத்தையும் சூழலைக் கொண்டே அறிய வேண்டும்.

அரசு அறிக்கைகளில் காணப்படும் 'திரஸ்ட் ஏரியா' என்பதற்கு முன்னுரிமைத் துறை என்பதே பொருள். சுற்றுலாவையோ மீன்வளத்தையோ 'உந்துதல் பகுதி' என்று மொழிபெயர்த்தால், தீவுவாசிகளுக்கு நினைவுக்கு வருவது புவித்தட்டாகவே இருக்கும்.