இறுதிக்காலக் காட்சிகளின் உட்பொருள்

உலகம் ஒரு நாள் முடிவெய்தும் என்னும் எண்ணம் பல சமயத்தாரிடத்தும் உண்டு. நாம் அதனை ஊழிக்காலம் என்போம்; கிறித்தவர் இறுதிக்காலம் என்பர். அவர்தம் மறைநூலின் கடைசிப் பகுதியாகிய வெளிப்படுத்தின விசேஷம் அக்காலத்தைப் பற்றிய காட்சிகளால் நிறைந்தது. ஏழு தலையும் பத்துக் கொம்பும் உடைய விலங்கு கடலினின்று எழுகின்றது. நால்வேறு நிறக் குதிரைகளில் நால்வர் வருகின்றனர். 666 என்னும் எண் ஒன்று கூறப்படுகின்றது. போரோ கொள்ளைநோயோ நிகழுந்தோறும் இக்காட்சிகளை எடுத்துக்காட்டி, முடிவு வந்துவிட்டது என்று நாள் குறிப்போர் தோன்றுகின்றனர். கேட்போர் உள்ளத்தில் அச்சம் புகுகின்றது. அந்நூல் அச்சுறுத்துவதற்காகவா எழுந்தது? சிறிது ஆராய்வோம்.

யாருக்குக் கூறப்பட்டது?

எந்நூலையும் விளங்கிக்கொள்ள முதலில் வேண்டுவது, அது யாரால், யாருக்கு, எந்நிலையிற் கூறப்பட்டது என்னும் அறிவாகும். நூலாசிரியர் தம் பெயர் யோவான் என்றும், பத்மு என்னும் தீவில் இக்காட்சிகளைக் கண்டதாகவும் கூறுகின்றார். ஏஜியக் கடலிலுள்ள அச்சிறு தீவுக்கு எதிரே, இன்று துருக்கி நாடாக உள்ள பகுதியில், எபேசு முதலிய ஏழு நகரங்களில் வாழ்ந்த கிறித்தவ சபைகளுக்கே நூல் அனுப்பப்பட்டது. கி. பி. 95ஆம் ஆண்டளவில், டொமிஷியன் உரோமச் சக்கரவர்த்தியாக இருந்தபோது இஃது எழுதப்பட்டது என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. அப்பகுதியிற் சக்கரவர்த்திக்குக் கோயில் எடுத்துத் தெய்வமாக வழிபட்டனர். வழிபட மறுத்தோர் அரசின் பகைவராகக் கருதப்பட்டனர். இத்தகைய காலத்தில் அரசைப் பழித்துரைக்க விரும்புவோன் குறிப்பாற் கூறுதலே இயல்பு.

இந்நெறி தமிழறிந்தார்க்குப் புதியதன்று. தொல்காப்பியர் கூறும் உள்ளுறையுவமத்தை நோக்குக. எருமை தாமரையை மிதித்துச் சென்றது என்று தோழி கூறுவாளாயின், அவள் பேசுவது எருமையைப் பற்றியன்று. தலைவனது கொடுமையைப் பற்றியாம். வெளிப்படையாகக் கூறலாகாததைக் கூற அவளுக்கு அதுவே வழி. யோவானின் விலங்கும் அத்தகையதே.

அவர் அதனைத் தாமாகப் புனையவுமில்லை. பழைய ஏற்பாட்டிலுள்ள தானியேல் நூல், சிங்கம், கரடி, சிறுத்தை, பத்துக் கொம்புடைய கொடுவிலங்கு ஆகிய நான்கும் கடலினின்று எழக் கண்டதாகக் கூறி, அவை அரசுகளைக் குறிப்பன என்று தானே பொருளும் விரிக்கின்றது. யோவான் நான்கையும் ஒன்றாக்கினார். அவரது விலங்குக்கு உடல் சிறுத்தையினது, கால் கரடியினது, வாய் சிங்கத்தினது, கொம்புகளோ பத்து. முன்னைக் கொடுங்கோன்மை யாவும் ஓரரசில் ஒருங்கு திரண்டன என்பது குறிப்பு. அவ்விலங்கின்மேல் வீற்றிருப்பவள் ஏழு குன்றுகளின்மேல் அமர்ந்தவள் என்றும் கூறுகின்றார். ஏழு குன்றுகளின் நகரம் உரோமாபுரி என்பதை அக்காலத்திற் சிறுவரும் அறிவர்.

எண்ணுள் மறைந்த பெயர்

தமிழிலே க என்பது ஒன்றையும் உ என்பது இரண்டையும் குறித்தல் போல, எபிரேயத்திலும் கிரேக்கத்திலும் எழுத்துக்கள் எண்களாக வழங்கின. ஆதலால் ஒரு பெயரின் எழுத்துக்களைக் கூட்டி எண்ணாகக் கூறும் வழக்கம் அன்று பரவியிருந்தது. கி. பி. 79இல் எரிமலைச் சாம்பலில் மூழ்கிய பொம்பெயி நகரச் சுவரொன்றில், தன் காதலியின் பெயரை 545 என்னும் எண்ணால் மறைத்து எழுதியிருக்கின்றான் ஓர் இளைஞன்.

நீரோ சக்கரவர்த்தியின் பெயரையும் பட்டத்தையும் 'நெரோன் கேசர்' என எபிரேய எழுத்திற் பொறித்தால், 50, 200, 6, 50, 100, 60, 200 என்னும் எண்கள் வரும். கூட்டினால் 666. கி. பி. 64இல் உரோமாபுரி எரிந்தபின், பழியைக் கிறித்தவர்மேற் சுமத்தி அவர்களை வதைத்தவன் இந்நீரோ. பெயரின் இறுதி எழுத்தாகிய னகரத்தை விடுத்து, இலத்தீன் வழக்குப்படி 'நெரோ' என எழுதின் 50 குறைந்து 616 ஆகும். எகிப்திற் கிடைத்து 1999இல் வெளியிடப்பட்ட, கி. பி. மூன்றாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் ஏட்டுத் துண்டொன்றில் 616 என்றே காணப்படுகின்றது. இரண்டு எண்ணுக்கும் ஒருங்கே பொருந்துதலால், நீரோவே குறிக்கப்பட்டான் என்னும் கருத்து வலியுறுகின்றது.

நாள் குறித்தவர்கள்

இதனை உணராதவர் தத்தம் பகைவர் பெயரையெல்லாம் அவ்வெண்ணுள் அடக்கினர். சீர்திருத்தக் காலத்திற் போப்பாண்டவரை விலங்கு என்றார் ஒரு சாரார். லூதரே விலங்கு என்றார் மறுசாரார். தோல்ஸ்தோயின் 'போரும் அமைதியும்' என்னும் நாவலில் நெப்போலியனின் பெயரை வருந்திக் கூட்டி 666 ஆக்குவதைப் படித்தோர் நகைப்பர்.

நகைப்புக்கு இடமில்லாத வரலாறும் உண்டு. அமெரிக்காவில் நியூயோர்க் மாநிலத்து விவசாயியான வில்லியம் மில்லர், தானியேல் நூலிலுள்ள 2300 நாட்களை ஆண்டுகளாகக் கொண்டு, கி. மு. 457இலிருந்து எண்ணி, கிறிஸ்து மீண்டும் வரும் காலத்தைக் கணித்தார். அவர் வழிவந்தோர் 1844ஆம் ஆண்டு ஒக்டோபர் 22ஆந் திகதி என நாளும் குறித்தனர். பல்லாயிரவர் நம்பினர். விளைந்த பயிரை அறுக்காது விட்டோரும் உளர். அந்நாள் வந்தது, இரவும் கழிந்தது, மறுநாட் கதிரவன் வழக்கம்போல எழுந்தான். அந்நாளை வரலாறு 'பெரும் ஏமாற்றம்' என்று குறிக்கின்றது. இந்நூல்களை ஆராய்ந்த விஞ்ஞானி நியூட்டனோ, மக்களைத் தீர்க்கதரிசிகளாக்குவதற்காக இறைவன் இவற்றை அருளவில்லை என்னும் கருத்தினர். அவரது ஆராய்ச்சி அவர் இறந்தபின் 1733இல் வெளிவந்தது.

நாம் கொள்ளவேண்டியது

அங்ஙனமாயின் இந்நூல் பழங்கதையாகிவிட்டதோ? இல்லை. கரிய குதிரைமேல் வருபவன் கையில் தராசு இருக்கின்றது. நாள் முழுதும் உழைத்த கூலிக்கு ஒருவன் உண்ணும் கோதுமையே கிடைக்கும் என்று அங்கே விலை கூறப்படுகின்றது. அதே வேளையில் எண்ணெய்க்கும் திராட்சை இரசத்துக்கும் சேதம் வரலாகாதென்று கட்டளை பிறக்கின்றது. ஏழையின் உணவு அருகிப்போகச் செல்வரின் பண்டங்கள் காக்கப்படுவதை அறியாத காலம் எது?

நூல் முடிவதும் அழிவோடன்று. கண்ணீர் துடைக்கப்படுகின்றது, வாயில்கள் அடைக்கப்படாத நகரம் ஒன்று தோன்றுகின்றது, விலங்கை ஈன்ற கடல் இல்லாது போகின்றது. கொடுங்கோன்மைக்கும் முடிவுண்டு என்று நலிந்தோர்க்குக் கூறிய ஆறுதல் இஃது. அதனை அச்சமூட்டும் பஞ்சாங்கமாக்குதல் அந்நூலுக்கும் தீங்கு. கேட்கும் மக்களுக்கும் தீங்கு. மாணவர்கள் இத்தகைய நூலைக் கையிலெடுக்கும்போது, 'எப்போது நிகழும்?' என்று வினவுமுன், 'யாருடைய துயர் துடைக்க இது கூறப்பட்டது?' என்று வினவப் பழகுவார்களாக.