செல்லுக்கு வரும் சேதி – 14: வளரச் சொல்லும் குரல், நிறுத்தச் சொல்லும் குரல்

சென்ற வாரம் தோலில் பட்ட காயம் ஆறும் விதத்தைப் பார்த்தோம். அங்கே இழந்த இடத்தைத் தழும்பு நிரப்புகிறது. கல்லீரலோ, வெட்டி எடுத்த அளவுக்கு வேலை செய்யும் செல்களையே மறுபடி உண்டாக்கிக்கொள்கிறது. இந்த ஆற்றலை நம்பித்தான் உயிரோடிருக்கும் ஒருவரின் கல்லீரலில் பாதிக்கும் மேல் எடுத்து இன்னொருவருக்குப் பொருத்துகிறார்கள். கல்லீரல் புற்றுநோய் வளர்வதும் இதே ஆற்றலைப் பிடித்துக்கொண்டுதான்.

1931இல் அமெரிக்காவில் ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் என்ற இருவர் செய்த சோதனையிலிருந்து தொடங்கலாம். எலியின் கல்லீரல் தனித்தனி மடல்களாக இருக்கும். பெரிய மடல்களின் அடியில் நூலை இறுக்கிக் கட்டி அவற்றை வெட்டிவிட்டால், மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். மிச்ச மடல்களில் சிறு கீறல்கூட விழாது. ஏழு முதல் பத்து நாட்களுக்குள் கல்லீரல் பழைய எடைக்கு வந்துவிடுகிறது. வெட்டிய மடல்கள் மறுபடி முளைப்பதில்லை. மிச்சமிருப்பவை பருத்து ஈடுகட்டுகின்றன. பழைய எடை வந்ததும் வளர்ச்சி நின்றுவிடுகிறது.

வளரச் சொன்னது எது? 1967இல் மூல்டெனும் நான்சி பூச்சரும் இரண்டு எலிகளின் ரத்த ஓட்டத்தை ஒன்றோடொன்று இணைத்து, ஒன்றின் கல்லீரலை மட்டும் வெட்டினார்கள். கத்தியே படாத மற்ற எலியின் கல்லீரலிலும் செல்கள் பிரிவதற்காக டிஎன்ஏவை நகலெடுக்கத் தொடங்கின. சேதி ரத்தத்தின் வழியே போகிறது என்பது உறுதியானது. அந்தப் பொருளைத் தேடியவர்களில் ஜப்பானின் தோஷிகாசு நகமுராவும் அமெரிக்காவின் ஜார்ஜ் மிக்கலோபுலோஸும் முக்கியமானவர்கள். 1984இல் தடயம் கிடைத்தது. 1989இல் அதன் மரபணு பிரித்தறியப்பட்டது. ஹெச்ஜிஎஃப் என்று அதைச் சுருக்கமாகச் சொல்கிறார்கள்: கல்லீரல் செல் வளர்ச்சிக் காரணி.

செல்களைச் சுற்றியுள்ள இழைப்பின்னலில் ஹெச்ஜிஎஃப் செயலற்ற வடிவில் சேமிக்கப்பட்டிருக்கிறது. கல்லீரலை வெட்டிய சில நிமிடங்களிலேயே யூரோகைனேஸ் என்ற என்சைம் விழித்து, ஹெச்ஜிஎஃப்பைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றுகிறது. அது செல்லின் மேலுள்ள ‘மெட்’ என்ற ஏற்பியில் போய் ஒட்டுகிறது. ஐஎல்-6 போன்ற சமிக்ஞைகள் செல்லை ஆயத்தப்படுத்துகின்றன. ஈஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியின் குடும்பம் துணைக்கு வருகிறது. எலியில் ஏறத்தாழ 24 மணி நேரத்தில் டிஎன்ஏ நகலெடுப்பு உச்சத்தை எட்டுகிறது. இன்னொரு பக்கம், டிஜிஎஃப் பீட்டா என்ற காரணி கல்லீரல் செல்கள் பிரிவதை அடக்குகிறது. இப்படி இரு தரப்பு சேதிகளும் சேர்ந்துதான் அளவு மீறாத வளர்ச்சியைத் தருகின்றன.

இந்தச் சமநிலை குலையும்போதுதான் புற்றுநோய்க்கு வழி திறக்கிறது. ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள், மது, கல்லீரலில் படியும் கொழுப்பு ஆகியவை ஒரே நாளில் வெட்டிவிட்டுப் போவதில்லை. ஆண்டுக்கணக்கில் செல்களைக் கொன்றுகொண்டே இருக்கின்றன. செத்த இடத்தை நிரப்பச் செல்கள் ஓயாமல் பிரிகின்றன. ஒவ்வொரு பிரிவும் மரபணுப் பிழைக்கு ஒரு வாய்ப்பு. அடக்கும் வேலையைச் செய்த டிஜிஎஃப் பீட்டாவே நார்த்திசுவைப் பெருக்கிச் சிர்ரோசிஸை வளர்க்கிறது. கடைசியில் சில செல்கள் அதன் தடைக்குக் கட்டுப்படாமல் போகின்றன. ஐஜிஎஃப்-2 போன்ற வளர்ச்சிக் காரணியைத் தாங்களே சுரந்துகொள்கின்றன; விஇஜிஎஃப்பை வெளியிட்டுப் புதிய ரத்தக்குழாய்களை வரவழைக்கின்றன.

இதற்காக வளர்ச்சிக் காரணியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட முடியாது. 1996இல் வெளியான இரண்டு ஆய்வுகள் இதைக் காட்டுகின்றன. ஹெச்ஜிஎஃப் மிகுதியாகச் சுரக்கும்படி மரபணு மாற்றிய எலிகளுக்குக் கல்லீரலில் கட்டி வந்தது ஒன்றில். இன்னொன்றில், ‘மிக்’ என்ற புற்றுநோய் மரபணு ஏற்றிய எலிகளில் அதே ஹெச்ஜிஎஃப் கட்டி உருவாவதைத் தடுத்தது. எந்தச் செல்லுக்கு, எந்த நிலையில் சேதி போகிறது என்பதே விளைவைத் தீர்மானிக்கிறது.

அறுவை மருத்துவர்கள் இந்தச் சிக்கலை நேரடியாகச் சந்திக்கிறார்கள். வலப்பக்கக் கட்டியை வெட்டினால் மிஞ்சும் இடப்பக்கம் போதாது என்ற நிலையில், தோல் வழியாகக் குழாய் செலுத்தி, வலப்பக்கம் போகும் போர்ட்டல் சிரைக் கிளையை அடைத்துவிடுவார்கள். குடலிலிருந்து வரும் ரத்தம் முழுவதும் இடப்பக்கம் திரும்ப, சில வாரங்களில் அது பருக்கும். அதற்குப் பிறகே பெரிய அறுவை. அந்தக் காத்திருப்பில் வளர்ச்சிச் சேதி கட்டியின் காதிலும் விழலாம்; அதனால்தான் மறுபடி சிடி ஸ்கேன் எடுத்துப் பார்த்தபின் கத்தியை எடுக்கிறார்கள்.

மருந்துகளும் இந்தச் சேதிகளைத்தான் குறிவைக்கின்றன. விஇஜிஎஃப் ஏற்பி உள்ளிட்டவற்றை அடைக்கும் சோராஃபெனிப், கல்லீரல் புற்றுநோய் முற்றியவர்களின் இடைநிலை ஆயுளை 7.9 மாதத்திலிருந்து 10.7 மாதமாக்கியது என்று 2008இல் வெளியான ஆய்வு சொன்னது. விஇஜிஎஃப்பைத் தடுக்கும் பெவாசிசுமாபோடு நோயெதிர்ப்பு மருந்தான அடெசோலிசுமாபைச் சேர்த்துக் கொடுத்தால் சோராஃபெனிப்பைவிடக் கூடுதல் பலன் என்று 2020இல் தெரியவந்தது. ஒவ்வொரு மாதமும் ஒரு குடும்பத்துக்குப் பெரிது. ஆனாலும் காயத்தையே தடுப்பதற்கு இவை ஈடாகா. 1984இல் பச்சிளங்குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசியைத் தொடங்கிய தைவானில், 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடம் கல்லீரல் புற்றுநோய் லட்சத்துக்கு 0.70இலிருந்து 0.36 ஆக இறங்கியது. எனவே குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் அந்த ஊசி போடப்பட்டதா என்று கேளுங்கள். உங்களுக்கு ஹெபடைடிஸ் பி, சி இருக்கிறதா என்று ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். சி வகையை மாத்திரையாலேயே குணப்படுத்த முடிகிறது. கல்லீரல் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் என்பது மெய். அதற்கு நாம் அவகாசம் தர வேண்டும்.

அடுத்த வாரம்: ரத்தக்குழாய்களை அழைக்கும் விஇஜிஎஃப்.