காவல் நாய்க்குக் கால்மூட்டு வீக்கம்

பட்டியிலே ஆடு அடைக்கிறவர்களுக்கு நாயின் அருமை தெரியும். அந்த நாய் ஒருநாள் காலையில் எழுந்திருக்கவே தடுமாறும். இன்றைக்கு முன்னங்காலை நொண்டும், நாலு நாள் கழித்துப் பின்னங்காலை நொண்டும். உடம்பு கொதிக்கும், தீனி எடுக்காது. யாரோ அடித்துவிட்டார்கள் என்று எண்ணெய் போட்டு நீவி விடுவோம். அடிபட்டால் ஒரு கால்தானே வீங்கும்? பல மூட்டுகள் சேர்ந்து வீங்கினால் வேறு கோளாறைச் சந்தேகப்பட வேண்டும்.

கிருமிகளை எதிர்க்க உடம்புக்குள் ஒரு காவல் படை இருக்கிறது. அது தடம் மாறிச் சொந்த மூட்டுகளையே தாக்குகிறது. வேலியே பயிரை மேய்கிற கதைதான்.

மூட்டு நீரை ஊசியில் எடுத்துப் பார்த்துத்தான் டாக்டர் இதை உறுதி செய்வார். ரத்தப் பரிசோதனையும் அவசியம். உண்ணி மூலம் பரவும் காய்ச்சலிலும் இப்படி மூட்டு வீங்கும். அதற்கு டாக்சிசைக்ளின் மாத்திரை. நம்ம ஊர் நாயில் உண்ணி இல்லாத நாய் ஏது? உள்ளூரில் வசதி இல்லையென்றால் நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் எது பக்கமோ அங்கே போய்க் கேளுங்கள்.

மருந்து பிரெட்னிசலோன். வழக்கமாக, கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் வரை ஆரம்பிப்பார்கள். பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் நாய் எழுந்து நடக்கும். இங்கேதான் வினையே! 'சரியாப் போச்சு, இனி எதுக்கு மாத்திரை' என்று நிறுத்திடுவாங்க. நோய் திரும்பிவிடும். அதோடு, மாத்திரை உள்ளே போகும்போது உடம்பு தன் சொந்தச் சுரப்பைக் குறைத்திருக்கும். திடீரென்று நிறுத்தினால் நாய் சுருண்டு விழலாம். டாக்டர் சொல்படி சிறுகச் சிறுகக் குறைக்க வேண்டும். பல மாதம் ஆகும்.

நாய் அதிகமாகத் தண்ணீர் குடிக்கும், அடிக்கடி சிறுநீர் கழிக்கும், பசி பசி என்று அலையும். மருந்தின் குணம் அது, தண்ணீரை மறைக்காதீங்க. கடையில் வாங்கின வலி மாத்திரையை இதோடு சேர்த்துக் கொடுக்கவே கூடாது, வயிறு புண்ணாகி ரத்தம் கசியும்.

எக்ஸ்ரேயில் எலும்பு அரிப்பு இல்லையென்றால் பெரும்பாலான நாய்கள் தேறிவிடும். சிலதுக்கு மருந்தை நிறுத்தியபின் மறுபடி வரும். சிலதுக்கு ஆயுள் முழுக்கக் கொஞ்சம் மருந்து வேண்டும். எலும்பு அரித்துவிட்டால் அது திரும்ப வளராது. வலியைக் குறைக்கலாம், நரியை விரட்டுகிற ஓட்டம் வராது. அந்த நாயை வாசலோடு வைத்துக்கொள்ளுங்கள்.

வெறிநாய்க்கடித் தடுப்பூசி நாள் இடையில் வந்தால், மாத்திரை கொடுப்பதை டாக்டரிடம் முதலில் சொல்லிவிட்டு, எப்போது போடலாம் என்று கேளுங்கள்.