பிலும் என்னும் பின்னற்பை

தறியும் இராட்டையும் இன்றி, ஓர் ஊசியையும் இரு கைகளையுமே கொண்டு வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் உழைத்து முடிக்கப்பெறும் ஒரு பையின் வரலாறு நம் நெசவாள அங்கத்தினர்களுக்குச் சுவை தருமென்று கருதுகிறோம். ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே உள்ள பப்புவா நியூகினி நாட்டில் அதற்குப் பிலும் என்று பெயர். அந்நாட்டில் பரவலாக வழங்கும் டோக் பிசின் மொழியில் இதே சொல் தாயின் கருப்பையையும் குறிக்கும். குழந்தையைத் துயிலவிட்டுச் சுமப்பதும், சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தோட்டத்திலிருந்து வீடு சேர்ப்பதும் இதில்தான். பட்டியைத் தலையில் மாட்டிப் பையை முதுகில் தொங்கவிட்டு நடப்பது மலைநாட்டுப் பெண்டிரின் வழக்கம்.

வேலை மரத்தடியில் தொடங்குகிறது. நார் தரும் மரங்களுள் ஒன்றைத் துலிப் என்கின்றனர். ஐரோப்பிய மலருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இரட்டை இலை என்பதே பெயரின் பொருள். இதன் தளிர் கீரையாகும், உட்பட்டை நாராகும். பயிரிடுவோர் விரும்பக்கூடிய மரந்தான்! பட்டையை உரித்து, உலர்த்தி, மெல்லிய இழைகளாகக் கிழித்து, தொடைமேல் வைத்து உள்ளங்கையால் உருட்டி இருபுரி நூலாக முறுக்குவர். தொடைத்தோல் கன்றிப்போகும் வேலை இது.

பின்னும் முறையை நம் அன்பர்கள் சற்று உற்று நோக்க வேண்டும். கம்பளிச் சட்டை பின்னுவோர் நூலுருண்டையை மடியில் வைத்துக்கொண்டு, நூலின் இடைப்பகுதியையே கண்ணி கண்ணியாக இழுத்துக் கோக்கின்றனர். பிலுமில் அவ்வாறன்று. நூலின் நுனி ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் நுழைந்து, மிச்சமுள்ள நூல் முழுவதையும் தன்பின் இழுத்துக்கொண்டு வெளிவர வேண்டும். ஆதலால் நீண்ட நூல் இங்கே இடைஞ்சலே. சிறிது திரிப்பது, அதைப் பின்னுவது, தீர்ந்ததும் புது நாரைப் பழைய நுனியோடு சேர்த்து முறுக்கித் தொடர்வது என்று வேலை நடக்கும். முடிச்சு என்பதே இராது. கண்ணிகள் ஒரே அளவாக அமையத் தாழையோலைக் கீற்றொன்றை அளவுப் பட்டையாக வைத்து, அதைச் சுற்றிப் பின்னுவர். இத்தனை சிரமத்திற்கும் பலன் உண்டு. சட்டையில் ஓரிழை அறுந்தால் கண்ணிகள் வரிசையாகக் கழன்றோடும். பிலுமில் அறுந்த இடம் அறுந்த இடத்தோடு நின்றுவிடும். வெறும் பை சிறிதாகச் சுருங்கிக் கிடக்கும். கிழங்கைப் போடப்போட விரிந்துகொடுக்கும்.

இவ்வளவு உழைப்பில் முடிந்த பைகளுள் பல, செய்தவளிடம் தங்குவதில்லை. மணமகள் புக்ககம் செல்லும்போது அவள்மீது பிலும்களை அடுக்கடுக்காகத் தொங்கவிட்டு அனுப்பும் வழக்கம் மலைநாட்டில் உண்டு. விடைபெறும் விருந்தினருக்கும் கொடுப்பர். பரிசாகக் கொடுக்கும் பைக்கு மணிக்கணக்கு எவரும் பார்ப்பதில்லை, பார்க்கவும் கூடாது. ஆனால் அதே பை கோரோக்கா நகரத் தெருவோரத்தில் விற்பனைக்குத் தொங்கும்போது கணக்கு வேண்டியிருக்கிறது. வாங்குவோர் கண்ணுக்குத் தெரிவது பின்னல் மட்டுமே. நூல் திரித்த நாட்கள் தெரிவதில்லை. நம்மிடையே நூல் ஒருவர் கணக்கு, நெய்கூலி மற்றொருவர் கணக்கு. அங்கோ நூற்பவளும் பின்னுபவளும் விற்பவளும் ஒருத்தியே. முதல் வேலையின் கூலியை விலையில் சேர்க்காமல் விட்டால் கேட்பாரில்லை.

கடையில் விற்கும் அக்ரிலிக் நூல் இப்போது பெரிதும் புழங்குகிறது. பளிச்சென்ற வண்ணங்கள் எளிதில் கிடைக்கின்றன. பட்டை உரிக்கும் வேலை மிச்சம். அந்நூலையும் தொடையில் மறுபடி முறுக்கியே பலர் பின்னுகின்றனர். ஆயினும் மரம் இலவசமாகத் தந்ததற்கு இப்போது கடைக்காரருக்குப் பணம் செல்கிறது. பின்னுவோர் பலர் சேர்ந்து நூலை மொத்தமாக வாங்குவதே இதற்கு ஏற்ற வழி என்பது நமது எண்ணம்.

நாட்டின் மேற்கு மலைகளில் வாழும் தெலிஃபோல் மக்களின் பழக்கத்தையும் சொல்ல வேண்டும். மோரின் மெக்கென்சி என்னும் ஆராய்ச்சியாளர் 1991-இல் வெளிவந்த தம் நூலில் இதனை விரிவாக எழுதியுள்ளார். அங்கே பெண் பின்னி முடித்த பையைப் பெற்றுக்கொள்ளும் ஆடவன், அதன் வெளிப்புறத்தில் பறவை இறகுகளைத் தானே வரிசையாகக் கட்டிச் சேர்க்கிறான். இறகு மூடியபின் அவள் பின்னல் வெளியே தெரியாது. பையைத் திறந்து உள்ளே நோக்குபவருக்கு மட்டும் தெரியும். சுமை முழுவதையும் தாங்குவது அதுவே.