மணலை நிறுத்திய புல்

ஒரு துளி நீருக்கும் ஏங்கும் பாலைவனக் கோளின் கதையே 'டியூன்'. வியர்வையையும் வீணாக்காமல் குடிநீராக்கும் உடையணிந்தே அங்கு மக்கள் வாழ்கின்றனர். அமெரிக்கரான பிராங்க் ஹெர்பர்ட் எழுதிய இத்தொடரின் ஆறு நாவல்கள் 1965 முதல் 1985 வரை வெளிவந்தன.

இக்கதை பிறந்தது எப்படி? ஆரிகன் மாநிலக் கடற்கரையில் நகரும் மணற்குன்றுகள் சாலைகளை மூடின. அவற்றைத் தடுக்கப் புல் நட்டனர். 1950களில் அதைப் பற்றி எழுதச் சென்ற ஹெர்பர்ட்டின் உள்ளத்தில் பாலைவனம் குடிகொண்டது.

மணல் நின்றது, புல்லோ நிற்கவில்லை! ஐரோப்பாவிலிருந்து வந்த அப்புல் பரவி, மணலில் முட்டையிடும் பறவைகள் இடமிழந்தன. இன்று அதைக் களையப் பாடுபடுகின்றனர். கதையிலும் பாலை பசுமையாக, நீரை நஞ்சாகக் கொண்ட மணற்புழுக்கள் அழிகின்றன. இயற்கையைத் திருத்துமுன் அதை அறிந்துகொள்வது நம் கடமையன்றோ!