கன்று போட்ட தேதி

எங்கள் தெருமுனையில் இட்லிக்கடை போட்டிருந்த அக்காவிடம் தினமும் பத்தரை மணிக்கு ஒரு பைக் வந்து நிற்கும். தண்டல்காரர் வண்டியை அணைக்கவே மாட்டார். அக்கா நூறு ரூபாயை நீட்ட, அட்டையில் ஒரு கோடு கிழித்துவிட்டுக் கிளம்பிவிடுவார். அக்கா கையில் வாங்கியது 8,500. நூறு நாளில் கட்ட வேண்டியது 10,000. "நூறு ரூவாதானே, இட்லியிலயே போயிடும்" என்பார். உண்மைதான், இட்லியில்தான் போனது. அசல் நாளுக்கு நாள் கரைவதையும் சேர்த்துப் பார்த்தால், வட்டி ஆண்டுக்கு நூற்றுக்கு நூறைத் தாண்டும். அக்காவுக்குத் தொழில் தெரியாமலா இருந்தது? அவர் வைக்கும் சாம்பாருக்குப் பக்கத்து ஊரிலிருந்து தூக்குப்போணி வரும்.

1976இல் வங்கதேசத்து ஜோப்ரா கிராமத்தில் பொருளாதாரப் பேராசிரியர் முகமது யூனுஸ் கண்டதும் இதே கதைதான். மூங்கில் முக்காலி முடையும் பெண்கள் வியாபாரியிடமே கடன் வாங்கி, அவர் சொன்ன விலைக்கு அவரிடமே விற்றுக்கொண்டிருந்தார்கள். 42 பேருக்குத் தேவைப்பட்டது மொத்தமே 856 டாக்கா. அதைத் தன் கையிலிருந்து கொடுத்தார். 1983இல் அது கிராமீன் வங்கி ஆனது.

எங்கள் தருமபுரி மாவட்டத்தில் மகளிர் குழுக்கள் 1989இல் வந்தன. நான் இருபது வருடமாக ஒரு குழுவுக்கு நோட்டு எழுதுகிறேன். எங்களிடம் இரண்டு ரூபாய் வட்டி. 10,000 வாங்கிப் பத்து மாதத்தில் அடைத்தால் வட்டி 1,100. அதுவும் குழுக் கணக்கிலேயே சேரும். இட்லிக்கடை அக்கா குழுவில் சேர்ந்த பிறகு பைக் சத்தம் நின்றது. கிரைண்டர் சத்தம் கேட்டது.

இதை இதோடு முடித்திருந்தால் மேடையில் பேச நன்றாக இருக்கும். ஆனால் அதே வருடம் இன்னொரு உறுப்பினர் சினை மாடு வாங்கக் கடன் கேட்டார். கொடுத்தோம். அடுத்த மாதமே தவணை. மாடு கன்று போட இன்னும் மூன்று மாதம் இருந்தது.

"பால் கறக்காம எப்படிக் கட்டுவே?" என்று கேட்டேன்.

"நீதானேக்கா தேதி போட்டே?"

அவர் தண்டல் வாங்கித்தான் எங்கள் தவணையைக் கட்டியிருக்கிறார். என் நோட்டில் அது 'வசூல் 100 சதவீதம்' என்று அழகாக நிற்கிறது.

இட்லிக்கு மாலையில் மாவாட்டினால் காலையில் காசு. மாடும் தையல் மெஷினும் அப்படியல்ல. கொல்கத்தாவில் ஆய்வாளர்கள் இதைச் சோதித்தே பார்த்தார்கள். சிலருக்கு வழக்கப்படி இரண்டு வாரத்தில் தவணை தொடங்கியது, சிலருக்கு இரண்டு மாதம் கழித்து. அவகாசம் கிடைத்தவர்கள் தொழிலில் கூடுதலாக முதல் போட்டார்கள். பிற்பாடு லாபமும் கூடியது. கட்டாமல் விட்டவர்களும் அந்தப் பக்கம்தான் அதிகம். 2013இல் வெளியான அந்த முடிவைக் கேட்டபோது, கடைசி வரியைத்தான் எங்கள் குழுப் பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். "யாரோ கட்டாததை நாங்க கட்டணுமா?" கூட்டம் இரவு ஒன்பது வரை நடந்தது. இரண்டு பேர் கையெழுத்துப் போடாமலே எழுந்து போனார்கள்.

கடைசியில் மாட்டுக் கடனுக்கு மட்டும் அவகாசம் என்று தீர்மானம் எழுதினேன். நோட்டில் இப்போது புதிதாக ஒரு கட்டம், 'கன்று போட்ட தேதி'. இந்தத் தடவை மூன்று பேர் வாங்கியிருக்கிறார்கள். ஒருவருடைய மாடு மட்டும் சினையே இல்லையாம், தரகர் ஏமாற்றிவிட்டார். அதற்கு எந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பேச வேண்டும்.