கட்டியிருப்பார்கள்

"நாளைக்கு அலை கூடுதலா இருக்கும்" என்றால் எதிர்காலம். "ஐப்பசி கார்த்திகைன்னா அலை கூடுதலா இருக்கும்" என்றால் ஆண்டுதோறும் நடப்பது. "எங்க தாத்தா காலத்துல கடல் ரொம்பத் தள்ளி இருக்கும்" என்றால் போய்விட்ட காலம். பூம்புகார்க் கரையில் யாரும் இயல்பாகச் சொல்லக்கூடிய இந்த மூன்றிலும் வினை ஒன்றேதான். அதைத்தான் எதிர்கால வினைமுற்று என்று பள்ளியில் படித்தோம்.

நன்னூல் எதிர்காலத்துக்கு ப், வ் என்ற இடைநிலைகளைத் தருகிறது: உண்பான், வருவான். 'இருக்கும்', 'வரும்' போன்றவற்றில் அவை இல்லை. இந்தச் 'செய்யும்' முற்று நிகழ்வுக்கும் எதிர்வுக்கும் பொது என்று நன்னூலை எழுதிய பவணந்தியாரே சொல்லிவிடுகிறார். இன்று நிகழ்காலம் காட்டும் 'கின்று' சங்கப் பாடல்களில் மிக அரிது. நடந்து முடிந்ததா, இல்லையா என்பதே அன்றைய வினைகளின் பெரிய பிரிவு.

ஆங்கிலமும் இப்படித்தான். பழைய ஆங்கில வினைக்கு இரண்டே கால உருவங்கள். எதிர்கால விகுதி இன்றுவரை கிடையாது. விரும்புவதைக் குறித்த 'வில்', கடன்பட்டிருப்பதைக் குறித்த 'ஷல்' ஆகிய வினைகள் தேய்ந்து துணைவினைகளாகி அந்த வேலையை ஏற்றன. 'வில் டை' என்றால் கட்டுவார்கள். 'வில் பி டையிங்' என்றால் கட்டிக்கொண்டிருப்பார்கள். 'வில் ஹாவ் டைட்' என்றால் கட்டியிருப்பார்கள்.

பிள்ளைகளை மிரட்டுவது இந்த மூன்றாவதுதான். அதற்கு நல்ல விளக்கம் பூம்புகாரை அடுத்த கீழையூரில் இருக்கிறது. 1960களில் இந்தியத் தொல்லியல் துறை அங்கே அகழ்ந்தபோது, பெரிய செங்கற்களால் கட்டிய படகுத்துறை ஒன்று வெளிப்பட்டது. அதையொட்டி நட்டிருந்த மரக்கம்பத்தின் வயதைக் கரிமக் கணிப்பு ஏறத்தாழ கி.மு. 4, 3ஆம் நூற்றாண்டுகளுக்குக் கொண்டுபோனது. அந்தக் கம்பத்தைப் பார்ப்பவர் என்ன சொல்வார்? "இதிலேதான் படகைக் கட்டியிருப்பாங்க." நடந்து இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாகிறது, வினையில் எதிர்கால 'ப்ப்' உட்கார்ந்திருக்கிறது! கண்ணால் கண்டிருந்தால் 'கட்டினார்கள்' என்போம். காணாததை, கம்பத்தை வைத்து உறுதியாக ஊகிக்கிறோம். ஆங்கிலேயரும் 'தே வில் ஹாவ் டைட்' என்று இதே இடத்தில் சொல்வதுண்டு. நாளை மாலைக்குள் முடிந்திருக்கப்போகும் வேலைக்கும் இரு மொழியிலும் இதே உருவம்தான். நாளையும் நாம் காணாதது அல்லவா?

ஆகவே 'வில் ஹாவ்' பாடத்தை அட்டவணையில் தொடங்காமல், 'இந்நேரம் பஸ் போயிருக்கும்' என்பதில் தொடங்குவதே நல்லது என்பேன். ஓரிடத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். 'தினமும் எட்டரைக்குப் பள்ளிக்குப் போவேன்' என்பதற்கு 'வில்' போட்டுவிடுகிறார்கள் நம் மாணவர்கள். அன்றாட வழக்கத்தை ஆங்கிலம் பெரும்பாலும் நிகழ்கால உருவில் 'ஐ கோ' என்றே சொல்லும்.